குருவிக்கூடும் கூலிக்காரனின் துணியும்

வேதாகமத்தில் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் இரண்டே இரண்டு வசனம். வழியில் போகிறாய், மரத்திலோ தரையிலோ ஒரு குருவிக்கூடு கண்ணில் படுகிறது, உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறது, தாய் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. தாயையும் குஞ்சையும் சேர்த்துப் பிடிக்காதே. தாயைப் போகவிடு, குஞ்சுகளை வேண்டுமானால் எடுத்துக்கொள். அப்படிச் செய்தால் நீ நன்றாயிருப்பாய், உன் ஆயுசும் நீளும்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் வேதாகமத்தை வரிசையாக வாசிப்போம், ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். இந்த அதிகாரம் வந்த அன்று எனக்குப் பத்து வயசு இருக்கும். அதற்கு முந்தின வாரம்தான் பெரியப்பா மகன் பனைப் பொந்துக்குள் கையை விட்டுக் கிளிக்குஞ்சு எடுத்திருந்தான், என்னைவிட இரண்டு வயசு மூத்தவன், நான் கீழே நின்று துண்டை விரித்துப் பிடித்திருந்தேன். தாய்க்கிளி எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. வீடு வந்து சேரும் வரை அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அதனால் அப்பா இந்த வசனத்தை வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. இத்தனை பெரிய கடவுள், ஒரு பறவைக்கூட்டைப் பற்றி இவ்வளவு குறிப்பாகப் பேசுகிறாரே!

ஓய்வுநாள் பள்ளியில் போய்க் கேட்டேன். அதெல்லாம் யூதர்களுக்குக் கொடுத்த நியாயப்பிரமாணம், யாராலும் சுமக்க முடியாத நுகம், நமக்கு அது தேவையில்லை, நமக்கு அன்பு போதும் என்று பதில் வந்தது. சொன்னவர் நல்ல மனிதர், அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்குச் சொன்னார். ஆனால் அந்தப் பதிலோடு முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன் என்பது இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. யூதர்கள் என்றால் சட்டம், எழுத்து, சடங்கு. நாம் என்றால் அன்பு, ஆவி, இரக்கம். இந்தப் பிரிவினை எத்தனை தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாலு வருஷமாக தல்மூதை, அதாவது யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பை, கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வருகிறேன். செஃபாரியா என்ற தளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு எபிரேயம் தெரியாது, ஆங்கிலத்தின் வழியாகத்தான் வாசிக்கிறேன். முதலில் தேடிப் போனது அந்தக் குருவிக்கூட்டைத்தான்.

அங்கே எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. தல்மூதுக்கு அடிப்படையான, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது: ஜெபம் நடத்துகிறவர் "உமது இரக்கம் குருவிக்கூடு வரைக்கும் எட்டுகிறது" என்று கடவுளைப் புகழ்ந்தால், அவரை நிறுத்தச் சொல்ல வேண்டும். நான் பத்து வயசில் நினைத்ததையேதான் அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்கிறார், அவரை வாயை மூடச் சொல்கிறார்கள். ஏன்? தல்மூதில் இரண்டு அறிஞர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒருவர், இப்படிச் சொன்னால் படைப்புகளுக்குள் பொறாமை வரும், பறவைக்கு மட்டும்தான் இரக்கமா, மற்றதற்கு இல்லையா என்று. இன்னொருவர், கடவுளின் கட்டளைகளை இவர் இரக்கமாக மாற்றிவிட்டார், அவை அரச ஆணைகள் மட்டுமே என்கிறார்.

இங்கேதான் எனக்கு இந்த மக்களின் மேல் பெரிய மரியாதை வந்தது, ஏனென்றால் இந்தச் சண்டை அதோடு முடியவில்லை, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஓடுகிறது, யாரும் அதை ஓரமாக ஒதுக்கிவைக்கவில்லை.

ஸ்பெயினில் கொர்தோபாவில் பிறந்து 1204-இல் எகிப்தில் இறந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், பிழைப்புக்கு வைத்தியம் பார்த்தவர், தன் தத்துவ நூலில் இந்தக் கட்டளையைப் பற்றி எழுதும்போது நேரடியாக இரக்கத்தின் பக்கம் நிற்கிறார். குஞ்சை எடுப்பதைப் பார்க்கும் தாய்க்கு வலிக்கும், அந்த வலியில் மனிதத் தாய்க்கும் மிருகத் தாய்க்கும் வித்தியாசம் இல்லை, ஏனென்றால் பிள்ளைப் பாசம் யோசித்து வருவதில்லை, அது மிருகங்களிலும் இருக்கிற வேறொரு சக்தியிலிருந்து வருகிறது என்கிறார். இதை வாசித்தபோது எனக்கு அந்தக் கிளிதான் ஞாபகம் வந்தது. இன்னொன்றும் சொல்கிறார்: அடைகாக்கிற முட்டையும் தாய் இன்னும் விடாத குஞ்சும் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு ஆகாது, அதனால் தாயை விரட்டிவிட்டு எடு என்றால் மனிதன் கடைசியில் எதையும் தொடாமல் போய்விடுவான். அப்போது அந்த மிஷ்னா விதி? அது கட்டளைகளுக்குக் காரணமே இல்லை என்று நினைத்தவர்களின் கருத்து, நாங்கள் மற்றக் கருத்தைப் பின்பற்றுகிறோம் என்கிறார்.

ஆனால் இதே மைமோனிடிஸ் தன்னுடைய சட்டத் தொகுப்பில், ஜெப விதிகளைச் சொல்லும் இடத்தில், அப்படிப் புகழ்கிறவரை நிறுத்த வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். இரக்கம்தான் காரணம் என்றால் மிருகங்களை அறுக்கவே கடவுள் அனுமதித்திருக்க மாட்டாரே என்று வாதமும் வைக்கிறார். ஒரே ஆள், இரண்டு புத்தகம், இரண்டு பதில். இதை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று பிற்காலத்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், யோசிக்கிற இடத்தில் காரணத்தைத் தேடு, ஆனால் கடவுளின் முன்னால் நிற்கும்போது அவருடைய மனசை அளந்துவிட்டதாகப் பேசாதே என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறாரோ என்றுதான்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் நக்மனிதிஸ், ஸ்பெயினில் கிரோனா ஊர்க்காரர். மனசுக்கு மிகவும் பிடித்த பதில் இவருடையதுதான். கடவுள் பறவைக்காக இந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை, நமக்காகக் கொடுத்தார் என்கிறார். நாம் கொடூரர்களாக மாறிவிடக் கூடாது, அதற்காக. அதற்கு ஆதாரமாகப் மித்ராஷ் எனப்படும் பழைய வேத விளக்கம் ஒன்றை எடுத்து வைக்கிறார்: மிருகத்தைக் கழுத்துப் பக்கம் அறுத்தால் என்ன, பிடரிப் பக்கம் அறுத்தால் என்ன, பரிசுத்தருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? மனிதர்களைப் புடமிடுவதற்காகவே கட்டளைகள் கொடுக்கப்பட்டன. அந்த எபிரேயச் சொல் தட்டான் பொன்னை உருக்கிச் சுத்தம் செய்வதைக் குறிப்பது, நம் மொழியில் புடம் என்ற சொல் அப்படியே அதற்குப் பொருந்துகிறது. பொன் புடத்தில் கிடக்கும்போது ஏன் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தட்டானுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டளையை நிறைவேற்றுவதால் ஆசீர்வாதம் வரும், பிள்ளைப்பேறு கிடைக்கும் என்று நம்பி, குஞ்சு வேண்டாதவர்கள்கூட புறாக்கூட்டைத் தேடிப் போய்த் தாயை விரட்டுவது இன்றும் நடக்கிறது. தேவையில்லாதபோது அப்படிச் செய்வது கொடுமை, அது கட்டளையே ஆகாது என்று 1839-இல் இறந்த பிரெஸ்பர்க் நகரத்து ரபி, அதாவது யூத மதகுரு, ஹதாம் சோஃபர் எதிர்த்திருக்கிறார். நானும் அவர் பக்கம்தான். இரக்கத்தைப் படிக்க வந்த இடத்தில் ஒரு தாயைக் காரணமில்லாமல் கதறவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

சரி, காரணம் தேடுவது இத்தனை நல்லது என்றால் தோராவே, மோசேயின் ஐந்து புத்தகங்களே, காரணங்களைச் சொல்லியிருக்கலாமே. இதற்கும் தல்மூதில் ஒரு பதில் இருக்கிறது. இரண்டு கட்டளைகளுக்குக் காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது, அந்த இரண்டிலும் உலகத்தின் பெரிய ஞானி இடறி விழுந்தான் என்கிறது. ராஜா நிறைய மனைவிகளைச் சேர்க்கக் கூடாது, இருதயம் விலகிப்போகும். நிறையக் குதிரைகளைச் சேர்க்கக் கூடாது, ஜனங்களைத் திரும்ப எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போவான். சாலொமோன் என்ன சொன்னான்? நான் நிறையச் சேர்ப்பேன், என் இருதயம் விலகாது. முடிவு நமக்குத் தெரியும், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள், வயசான காலத்தில் அவன் இருதயம் விலகிப்போனது என்று ராஜாக்கள் புத்தகமே சொல்கிறது. காரணம் தெரிந்தவுடன் நாம் என்ன செய்கிறோம், "அந்தக் காரணம் எனக்குப் பொருந்தாது" என்று நம்மையே விதிவிலக்கு ஆக்கிக்கொள்கிறோம். ஹெல்மெட் எதற்கு என்று தெரியும், பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று போடாமல் கிளம்புகிற நமக்கு இது புரியாமல் போகாது.

கட்டளைகள் மொத்தம் 613 என்று ரபி சிம்லாய் சொன்னது தல்மூதில் இருக்கிறது, 365 'செய்யாதே', 248 'செய்'. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்த பிறகு பலி சம்பந்தப்பட்டவை எல்லாம் செய்ய முடியாமல் நின்றுபோயின, அதனால் இன்று ஒருவர் கைக்கொள்ளக் கூடியவை இதில் ஒரு பகுதிதான். இவற்றில் கொலை, திருட்டு மாதிரி, எழுதாமல் விட்டிருந்தாலும் நாமே எழுதியிருப்போம் என்ற வகையை மிஷ்பாத்திம் என்கிறார்கள். ஆட்டுமயிரும் சணல்நூலும் கலந்த துணி உடுத்தாதே என்பது மாதிரி ஏன் என்றே தெரியாத வகை ஹுக்கிம். இரண்டாம் வகையின் உச்சம் எண்ணாகமம் 19-இல் வருகிற சிவப்புக் கிடாரி. பிணத்தைத் தொட்டவரை அதன் சாம்பல் கலந்த தண்ணீர் சுத்தமாக்கும், ஆனால் அதைத் தயாரிக்கிறவர் தீட்டாகிவிடுவார். இது சூனியம் மாதிரி இருக்கிறதே என்று வேற்று இனத்தவர் ஒருவர் ரபி யோகனான் பென் ஸக்காயிடம் கேட்டார். அவர், பேய் பிடித்தவனுக்கு உங்கள் ஊரில் புகை போடுவதில்லையா, அது மாதிரித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் போனதும் சீடர்கள் பிடித்துக்கொண்டார்கள்: அவரை ஒரு நாணல் தட்டையால் தள்ளிவிட்டீர்கள், எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதற்கு அவர், பிணம் தீட்டாக்குவதும் இல்லை, தண்ணீர் சுத்தமாக்குவதும் இல்லை, இது ராஜாதி ராஜாவின் ஆணை என்றார். ஒரு ஆசிரியர் தன் சீடர்களிடம் இவ்வளவு நேர்மையாக இருந்ததை எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

காரணமே தேடாதே என்று நம் காலம் வரைக்கும் சொன்னவர்கள் உண்டு. 1994-இல் எருசலேமில் இறந்த யெஷாயாஹு லைபோவிட்ஸ், விஞ்ஞானியும்கூட, மித்ஸ்வாவை, அதாவது கட்டளையை, ஒரு நன்மைக்காகச் செய்தால் நீ உனக்குத்தான் ஊழியம் செய்கிறாய், கடவுளுக்கு இல்லை என்று கடைசிவரை வாதாடினார். அதில் ஒரு தூய்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரோடு என்னால் முழுசாகப் போக முடியவில்லை, ஏனென்றால் தோராவே பல இடங்களில் இரக்கத்தைக் காரணமாகக் காட்டிக் கெஞ்சுகிறது.

அப்படிக் கெஞ்சுகிற இடம் ஒன்று யாத்திராகமம் 22-இல் இருக்கிறது. பிறனுடைய மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது போகிறதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அவனுக்கு இருக்கிற போர்வை அது ஒன்றுதான், அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி! உபாகமம் 24 இன்னும் ஒரு படி போகிறது. அடகு வாங்கப் போனால் அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து கொடுக்கட்டும். வசூலுக்கு வந்தவர்கள் நடுவீடு வரை ஏறி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த வாசற்படியில் நிறுத்தி வைப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று விளக்க வேண்டாம். கடன் வாங்கியவனுக்கும் வாசல் உண்டு, பெண்டாட்டி பிள்ளை முன்னால் ஒரு முகம் உண்டு.

1960-இல் இஸ்ரேலில் யாவ்னே பக்கம் கடற்கரையோரத்தில் ஒரு பழைய கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய ஒரு உடைந்த பானை ஓட்டுத்துண்டு கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அறுவடைக்காரன் ஒருவன் அதிகாரிக்கு எழுதச் சொல்லி எழுதிய மனு அது. நான் அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன், அப்புறமும் ஷோபாய் மகன் ஹோஷாயாஹு வந்து என் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், என்னோடு வெயிலில் அறுத்த என் சகோதரர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள், நான் குற்றமற்றவன், என் துணியைத் திருப்பித் தாருங்கள். அவன் வசனம் எதையும் மேற்கோள் காட்டவில்லை. ஒரு கூலிக்காரன், ஒரே ஒரு துணி, அது போய்விட்டது, கேட்கிறான். வேதாகமத்தில் வருகிற அந்த 'அவன்' யார் என்று முகத்தோடு எனக்குத் தெரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

இதோடு சேர்த்து வைக்க வேண்டிய கதை தல்மூதில் பாவா மெத்ஸியா என்ற பகுதியில் வருகிறது. அறிஞர் ஒருவருக்குச் சுமை தூக்கியவர்கள் அவருடைய திராட்சரசச் சாடியை உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் ராவ் என்ற பெரியவரிடம் போய் முறையிட்டார்கள். ராவ் சொன்னார், துணிகளைக் கொடுத்துவிடு. இதுதான் சட்டமா என்று அறிஞர் கேட்டார். ஆமாம், "நல்லவர்களின் வழியில் நட" என்று நீதிமொழிகளில் இருக்கிறதே என்றார் ராவ். கொடுத்துவிட்டார். அப்புறம் கூலிக்காரர்கள், நாங்கள் ஏழைகள், பகல் முழுக்க வேலை செய்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார்கள். ராவ் சொன்னார், போய் அவர்கள் கூலியைக் கொடு. இதுதான் சட்டமா? ஆமாம், அதே வசனத்தின் மறுபாதி, "நீதிமான்களின் பாதையைக் காத்துக்கொள்."

நான் இதை முதலில் வாசித்த அன்று ராத்திரி தூங்கவில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் உடைத்தவன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், அந்த அறிஞர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் எதிரே நிற்கிறவன் பசியோடு நிற்கிறான், நீயோ தோரா படித்தவன், உனக்குச் சட்டம் இது என்கிறார் ராவ். நுகம், எழுத்து, சடங்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? "ஓய்வுநாள் உங்கள் கையில் கொடுக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் கொடுக்கப்படவில்லை" என்ற வாக்கியம்கூட தல்மூதில் இருக்கிறது. இயேசு மாற்கு சுவிசேஷத்தில் சொன்னதோடு எத்தனை நெருக்கம்! அவர் யூதர்களுக்கு வெளியே நின்று பேசவில்லை, அவர்கள் வீட்டுச் சண்டைக்குள்ளே உட்கார்ந்து பேசினார்.

சந்தோஷமான கட்டளை ஒன்றையும் சொல்ல வேண்டும். வயலில் அறுக்கும்போது ஒரு கதிர்க்கட்டை மறந்துவிட்டு வந்தால், திரும்பிப் போய் எடுக்காதே, அது பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும். ரூத் போவாஸின் வயலில் பொறுக்கினாளே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சட்டம். இதில் ஒரு விசேஷம், இதை யாரும் வேண்டுமென்றே செய்ய முடியாது. மறக்க வேண்டும் என்று திட்டம் போட்டால் அது மறதி ஆகாதே. பழைய தொகுப்பான தொசெஃப்தாவில் ஒரு பக்திமானைப் பற்றி வருகிறது. வயலில் ஒரு கதிர்க்கட்டை மறந்துவிட்டான். மகனைக் கூப்பிட்டு, போ, எனக்காக ஒரு காளையைத் தகனபலியாகவும் இன்னொரு காளையைச் சமாதானபலியாகவும் செலுத்து என்றான். ஏன் அப்பா, மற்ற எந்தக் கட்டளைக்கும் இல்லாத சந்தோஷம் இதற்கு மட்டும் என்று மகன் கேட்டான். மற்ற எல்லாக் கட்டளைகளும் நாம் அறிந்து செய்யும்படி கொடுக்கப்பட்டவை, இது நாம் அறியாமலே செய்யும்படி கொடுக்கப்பட்டது என்றான் அப்பன். ஒரு கட்டு கதிருக்கு இரண்டு காளை! கையை விட்டுப் போன பொருளுக்காக எரிச்சல்படுவதுதான் மனித சுபாவம், அந்த எரிச்சலை எடுத்துக் கொண்டாட்டமாக மாற்றியிருக்கிறார்கள்.

எல்லாமே இப்படி இனிக்கும் என்று சொல்ல மாட்டேன். தாய் தகப்பன் பேச்சைக் கேட்காத முரட்டு மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லுகிற உபாகமம் 21 இருக்கிறது. அறிஞர்கள் அதற்கு ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்த்துச் சேர்த்து, தாய்க்கும் தகப்பனுக்கும் குரலும் உருவமும் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் செல்லும் என்கிற அளவுக்குக் கொண்டுபோய், அப்படி ஒருவன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை, படித்துப் பலன் பெறத்தான் எழுதப்பட்டது என்று முடித்தார்கள். இதற்கும் ஒருவர் மறுப்புச் சொல்கிறார், நான் அப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று. அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். இன்னும் தீராத வேதனையும் உண்டு. யூதச் சட்டப்படி கணவன் விவாகரத்துச் சீட்டைத் தானே மனசார எழுதிக் கொடுத்தால்தான் மனைவிக்கு விடுதலை, தராமல் இழுத்தடித்தால் அவள் 'அகுனா', கட்டப்பட்டவள். இஸ்ரேலில் 1995-ஆம் வருஷச் சட்டப்படி தர மறுப்பவனைச் சிறையில்கூட அடைக்கலாம், அப்படியும் சில பெண்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். புடமிடுவதற்குக் கொடுத்த கட்டளை ஒருத்தியை இப்படிச் சுட்டெரிக்கும்போது, ஆணை என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்க எனக்கு மனசு வரவில்லை. ராவ் கூலிக்காரர்களுக்குச் செய்ததை இவர்களுக்கு யார் செய்வார் என்று பல யூதப் பெண்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குருவிக்கூட்டுக்கும் ஒரு இருட்டான பக்கம் இருக்கிறது. தகப்பன் மகனிடம், மேலே ஏறிக் குஞ்சுகளை எடுத்து வா என்கிறான். மகன் ஏறினான், தாயைப் பறக்கவிட்டான், குஞ்சுகளை எடுத்தான், இறங்கும்போது விழுந்து செத்தான். ஆயுசு நீளும் என்ற வாக்கு இந்த இரண்டு கட்டளைக்கும் இருக்கிறது, பெற்றோரைக் கனம்பண்ணுவதற்கும் தாய்ப்பறவையை விடுவதற்கும், பையன் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தான். இதைப் பார்த்துத்தான் எலிஷா பென் அபுயா என்ற பெரிய அறிஞர் விசுவாசத்தை விட்டுப் போனார் என்று தல்மூதில் சிலர் சொல்கிறார்கள். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ரபி யாக்கோவ், அந்த நீண்ட ஆயுசு இந்த உலகத்தில் இல்லை, வரப்போகும் உலகத்தில் என்று விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தால் எனக்கு முழு ஆறுதல் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவானது, பலனைக் கணக்குப் பார்த்து இந்தக் கட்டளைகளைச் செய்ய முடியாது. அந்தப் பையனின் கை அந்த நிமிஷத்தில் செய்தது சரியான காரியம், அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் தன் பேரைச் சொல்லாமல், பார்சிலோனாவைச் சேர்ந்த லேவி வீட்டு யூதன் என்று மட்டும் தன்னைக் குறிப்பிட்டுக்கொண்ட ஒருவர், கட்டளைகளை ஒவ்வொன்றாக விளக்கி எழுதினார். செயல்களைப் பின்தொடர்ந்தே இருதயங்கள் போகின்றன என்பது அவருடைய கருத்து. மனசு மாறட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்காதே, கை முதலில் போகட்டும் என்கிறார். இது எனக்கு எங்கே உறைத்தது என்றால் யாத்திராகமம் 23-இல். உன் பகைஞனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், விட்டுப் போக மனசு இருந்தாலும் போகாதே, அவனோடு சேர்ந்து தூக்கு. தல்மூத் இன்னும் துல்லியமாகக் கேட்கிறது. நண்பனின் கழுதையிலிருந்து சுமையை இறக்க வேண்டும், பகைவனின் கழுதைமேல் சுமையை ஏற்ற வேண்டும், எதற்கு முதலில் போவது? இறக்குவது மிருகத்தின் வலி சம்பந்தப்பட்டது, நியாயமாக அதுதான் முதலில். இல்லை, பகைவனிடம் போ, உன் மனசை அடக்குவதற்காக என்கிறது. 'அவனோடு' என்ற சொல்லையும் விடவில்லை: கழுதைக்காரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, உனக்குத்தானே கட்டளை, நீயே செய் என்றால் நீ செய்ய வேண்டியதில்லை. இரண்டு பேரும் குனிய வேண்டும்.

கிளிக்குஞ்சு எடுத்த அந்தப் பெரியப்பா மகனும் நானும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. வரப்புத் தகராறு, இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, விவரம் இங்கே வேண்டாம். போன மாசம் ஊர்க்கோயிலில் அசனம், எல்லாருக்கும் சாப்பாடு. விடியற்காலையில் சோறு வடிக்கிற இடத்தில் ஆள் பற்றாமல், ஒரு பெரிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க அவன் ஒரு பக்கம் கம்பைப் பிடித்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் பாசம் எதுவும் பொங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கழுதை வசனம் ஞாபகம் வந்தது, போய் மறுபக்கம் கம்பைப் பிடித்தேன். இரண்டு பேரும் மூச்சுப்பிடித்து இறக்கி மண்ணில் வைத்தோம்.

"பாத்துலே, கை சுட்டுறப் போவுது" என்றான். அப்புறம் விறகைத் தள்ளப் போய்விட்டான்.